திப்புவின் தூதரும் 72 லட்சம் டாலரும்: விஜே லெ ப்ரன் ஓவியங்களுக்கு விலை எப்படி அமைகிறது?

கேட்டவரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திப்பு சுல்தானின் தூதர் ஒருவரைப் பிரெஞ்சு ஓவியர் வரைந்த படம், அமெரிக்காவில் ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனதாக அவர் படித்திருக்கிறார். வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரன். "பிரெஞ்சுப் புதுச்செவ்வியல் ஓவியர்கள் என்றால் தாவீத், ஆங்க்ர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த அம்மையார் அவ்வளவு பெரிய ஓவியரா? இவர் படங்களுக்கு விலை எப்படி முடிவாகிறது? எங்கள் வீட்டுக் கூடத்தில், தாத்தா காலத்திலிருந்து, ரோஜாப்பூவைப் பிடித்திருக்கும் அரசி மரி அந்துவானெத்தின் படம் தொங்குகிறது. இவர் வரைந்ததைப் போலவே இருக்கிறது. அதற்கு ஏதாவது மதிப்பு இருக்குமா?" என்று கேட்கிறார்.

கூடத்துப் படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் சிறியதுதான். ஆனால் மற்றதைத் தெரிந்துகொள்ளாமல் அதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அந்த ஐம்பது கோடியிலிருந்து தொடங்குகிறேன். 2019 ஜனவரி 30 அன்று நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனம் நடத்திய பழம்பெரும் ஓவியர்களின் ஏலத்தில் அந்தப் படம் வந்தது. 40 முதல் 60 லட்சம் டாலர் வரை போகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தார்கள். நிறுவனத்தின் கமிஷனையும் சேர்த்து ஏறத்தாழ 72 லட்சம் டாலரில் முடிந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 51 கோடி ரூபாய். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முந்தைய பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை எந்த ஏலத்திலும் கிடைக்காத விலை. செய்தித்தாள்கள் "சாதனை" என்று எழுதின. பொய்யில்லை. ஆனால் அந்தச் சாதனையில் ஓவியரின் கைத்திறமைக்கு எவ்வளவு, படத்தில் நிற்பவருக்கு எவ்வளவு, காலத்தின் மோஸ்தருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

விஜே லெ ப்ரன் 1755இல் பாரிசில் பிறந்தவர். மரி அந்துவானெத் பிறந்ததும் அதே ஆண்டில்தான். தந்தை லூயி விஜே, பேஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் வரையும் ஓவியர். மகளுக்கு முதல் ஆசிரியரும் அவரே. மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, விழுங்கிய மீன் முள் உள்ளே தைத்துப் புண்ணாகி அவர் இறந்துபோனார். தாய் ஒரு நகை வியாபாரியை மறுமணம் செய்துகொண்டார். பதினைந்து வயதில் படம் வரைந்து சம்பாதிக்கத் தொடங்கிய பெண்ணின் வருமானத்தை மாற்றாந்தகப்பன் வாங்கி வைத்துக்கொண்டார். 1774இல் அதிகாரிகள் வந்து அவருடைய ஓவியக்கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். உரிமம் இல்லாமல் தொழில் செய்தார் என்பது குற்றச்சாட்டு. வேறு வழியில்லாமல் செயின்ட் லூக் ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். அப்போது வயது பத்தொன்பது.

1776இல் ழான் பத்தீஸ்த் பியேர் லெ ப்ரன் என்பவரை மணந்தார். இந்த மனிதரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பாரிசின் மிகத் திறமையான ஓவிய வியாபாரிகளில் ஒருவர். பழைய டச்சு, பிளெமிஷ் ஓவியங்களில் அவர் கண் தப்பாது. நல்ல ஓவியங்களைக் குவித்துவைத்து, மனைவி பார்த்துப் பழக வாய்ப்புக் கொடுத்தவர். அதே சமயம் மனைவியின் வருமானம் முழுவதையும் எடுத்துச் செலவழித்தவர். தான் மட்டும் பத்து லட்சம் ஃபிராங்க்குக்கு மேல் சம்பாதித்திருந்தும், 1789இல் நாட்டைவிட்டு வெளியேறியபோது தன் பெயரில் இருபது ஃபிராங்க் வருமானம்கூட இல்லை என்று விஜே லெ ப்ரன் முதுமையில் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். அவருடைய ஓவியங்களால் பணம் பார்த்தவர்கள் பட்டியலை எழுதினால் அவர் பெயர் மிகக் கீழே வரும்.

1778இல் அரசியை முதன்முதலில் வரைந்தார். அதற்குப் பிறகு நடந்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அரசிக்குத் தன் முகம் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி வரையத் தெரிந்த கை இவருடையது என்று அரண்மனை முடிவு செய்தது. 1783 மே மாதம் அரச ஓவியக் கழகத்தில் இவரைச் சேர்த்தார்கள். கழகத்தில் ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. அதோடு, கணவர் வியாபாரி என்பதால் இவரைச் சேர்க்கவே கூடாது என்று எதிர்ப்பு வந்தது. அரசி தலையிட்டதால்தான் கதவு திறந்தது. அதே நாளில் சேர்க்கப்பட்ட இன்னொரு பெண் ஓவியர் அதேலாயிட் லபீய் கியார். இருவரையும் போட்டியாளர்களாக நிறுத்தி வேடிக்கை பார்ப்பதில் பாரிஸ் பத்திரிகைக்காரர்களுக்குத் தனி ஆனந்தம்.

அந்த ஆண்டு சலோனில், அதாவது அரச ஓவியக் கழகம் பாரிசில் நடத்தும் பொதுக் கண்காட்சியில், இவர் வைத்த அரசியின் படம் ஒன்று ஊரையே கூட்டியது. அரசி வெள்ளை மஸ்லின் உடையில், வைக்கோல் தொப்பியோடு, நகையில்லாமல் நிற்கிறார். கையில் ரோஜாப்பூ. இந்த மஸ்லின் இந்தியத் துணி என்பது ஒருபுறம். அது அன்றைய கண்ணுக்கு உள்ளாடையாகத் தெரிந்தது என்பது மறுபுறம். அரசியை உள்ளாடையில் நிறுத்திவிட்டார்கள் என்றும், பிரெஞ்சுப் பட்டு நெசவாளர் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றும் கூச்சல். படத்தை எடுத்துவிட்டு, அதே நிற்கும் நிலை, அதே ரோஜா, ஆனால் உடை மட்டும் நீலச் சாம்பல் நிறப் பட்டாக இருக்கும் இன்னொரு படத்தை அவசரமாக வரைந்து வைத்தார்கள். உங்கள் கூடத்தில் தொங்குவது இந்த இரண்டில் ஒன்றின் வழிவந்தது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

அதே 1783 கண்காட்சியில் இருந்த இன்னொரு படம் நமக்குச் சற்று நெருக்கமானது. "மதாம் கிராண்ட்" என்ற முட்டை வடிவப் படம். இசைத்தாளைக் கையில் பிடித்து, கண்களை மேலே உயர்த்தியிருக்கும் இளம்பெண். இந்தப் பெண் பிறந்தது தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்கள் ஆண்ட காலத்தில். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் மனைவியாக இருந்து, ஒரு பெரிய அவதூறில் சிக்கி, பாரிசுக்குப் போய், கடைசியில் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலேராந்தை மணந்தவர். படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு யாராவது இந்தக் கதையைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இவர் புதுச்செவ்வியல் ஓவியரா, அதாவது பழைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்டவரா என்ற சந்தேகம் உங்களுக்கு வந்தது நியாயம்தான். தாவீத் வரைந்த ரோமானிய வீரர்களின் விறைப்பு இவரிடம் இல்லை. தோலின் வெளிச்சத்தைப் பழைய பிளெமிஷ் ஓவியர் ரூபன்சின் படங்களிலிருந்து கற்றார். புன்னகையின் மென்மை, புதுச்செவ்வியலுக்கு முந்தைய, அலங்காரம் மிகுந்த ரொக்கோக்கோ பாணியின் காலத்தது. ஆனால் தலைமுடிக்கு மாவு பூசுவதை நிறுத்தச் சொன்னது, இறுக்கமான மேலங்கிகளைக் கழற்றிவிட்டுச் சால்வைகளைக் கிரேக்கச் சிலைபோலப் போர்த்தச் செய்தது, பின்னணியை ஒன்றுமில்லாமல் ஆக்கியது, இவையெல்லாம் புதுச்செவ்வியலின் இலக்கணம். 1788இல் தன் வீட்டில் திடீரென்று ஒரு "கிரேக்க விருந்து" வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் ஓவியக்கூடத்தில் கிடந்த துணிகளைச் சுற்றி, நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய குவளைகளைப் பரப்பி நடத்திய விளையாட்டு. செலவு பதினைந்து ஃபிராங்க் என்கிறார். வெர்சாய் அரண்மனையில் அது இருபதாயிரம் ஆனது. பிற்பாடு ரோமில் நாற்பதாயிரம், வியன்னாவில் அறுபதாயிரம், பீட்டர்ஸ்பர்க்கில் எண்பதாயிரம் என்று ஊருக்கு ஊர் வதந்தி வளர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த வதந்திகள் பிறகு அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தன.

அவர் உயிரோடு இருந்தபோது ஒரு படத்துக்கு என்ன கிடைத்தது? நிதியமைச்சர் கலோன் கதையைப் பாருங்கள். 1784இல் வரைந்த அவர் படம் இப்போது இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதற்கு அமைச்சர் மிட்டாய்களைப் பண நோட்டில் சுற்றிக் கொடுத்தார், கஜானாவைக் காலியாக்கும் தொகையைப் பலகாரத்துக்குள் வைத்து அனுப்பினார் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். வந்தது நாலாயிரம் ஃபிராங்க், ஒரு சின்னப் பெட்டியில் என்கிறார் ஓவியர். அதே சமயத்தில் போழோன் என்ற செல்வந்தர் தன் படத்துக்கு எட்டாயிரம் கொடுத்திருந்தார், அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கலோன் படத்தில் முழங்காலுக்குக் கீழே தெரியாது. நடிகை சோஃபி ஆர்னூ அதைப் பார்த்துவிட்டு, "ஆள் ஓடிவிடாமல் இருக்கக் காலை வெட்டிவிட்டார் போல" என்றாராம்.

இப்போது திப்புவின் தூதர்.

ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டு, 1787 ஜூலையில் மூன்று தூதர்களைத் திப்பு பிரான்சுக்கு அனுப்பினார். முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான். புதுச்சேரியில் கப்பலேறி, ஏறத்தாழ பதினோரு மாதம் கழித்து, 1788 ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஆகஸ்டு 10 அன்று வெர்சாயில் பதினாறாம் லூயி வரவேற்பு அளித்தார். மரியாதை கிடைத்தது, செவர் பீங்கான் பாத்திரங்கள் கிடைத்தன, கைவினைஞர்கள் சிலர் உடன் வரச் சம்மதித்தார்கள். படை மட்டும் கிடைக்கவில்லை. அப்போது பிரெஞ்சுக் கஜானா திவாலாகும் நிலையில் இருந்தது.

பாரிஸ் இவர்களை வேடிக்கை பார்த்தது. விசிறிகளிலும் பொத்தான்களிலும்கூட இவர்கள் உருவம் வந்தது. விஜே லெ ப்ரன் இவர்களை ஓபரா அரங்கில் பார்த்தார். வரைந்தே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது. அரசர் கேட்டால்தான் சம்மதிப்போம் என்றார்கள் தூதர்கள், அரசரையே கேட்கவைத்தார். பெரிய கித்தான்களையும் வண்ணங்களையும் தூக்கிக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் ஒருவர் வந்து கைகளில் பன்னீர் தெளித்தாராம். உயரமானவரான தர்வேஷ் கான், ஆயுதத்தின் பிடியில் கைவைத்துத் தானாகவே அவ்வளவு இயல்பாக நின்றுவிட்டதால், நிலையை மாற்றச் சொல்லத் தேவையே இருக்கவில்லை என்று எழுதுகிறார்.

படத்தைக் கவனித்துப் பாருங்கள். ஏழடிக்கும் மேல் உயரமான கித்தான். பொன் பூக்கள் இழைத்த வெள்ளை மஸ்லின் அங்கி. ஐந்து வருடத்துக்கு முன் இதே வெள்ளை மஸ்லினை அரசிக்குப் போட்டுத்தான் வசைவாங்கினார். இங்கே அது அணிய வேண்டியவர் உடம்பில் இருக்கிறது. வழக்கமாக இவர் படங்களில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். தர்வேஷ் கான் சிரிக்கவில்லை, நம்மைப் பார்க்கவும் இல்லை. பார்வை பக்கவாட்டில் எங்கோ போகிறது. தன்னை அழகாகக் காட்டும்படி ஓவியரிடம் கேட்காத மனிதர் இவர். விஜே லெ ப்ரன் தன் வாழ்நாள் முழுவதும் வரைந்ததில் எனக்கு மிகப் பிடித்த ஓவியம் இது. அரசியின் படங்களைவிடவும்.

வரைந்து முடித்த பிறகு ஒரு சண்டை. ஈரம் உலரட்டும் என்று படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆளனுப்பியபோது தர்வேஷ் கான் கொடுக்க மறுத்துவிட்டார். கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, இதற்கு இன்னும் ஓர் ஆன்மா வேண்டும் என்றாராம். கடைசியில் தந்திரமாகத்தான் படத்தை எடுத்து வந்தார்கள். படத்தைக் காணோம் என்றதும் தன் வேலையாளைக் கொன்றுவிடுவேன் என்று தூதர் கிளம்ப, பாரிசில் வேலையாட்களைக் கொல்லும் வழக்கம் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் மன்றாடி, அரசர் கேட்டார் என்று சொல்லிச் சமாளித்தார். இதெல்லாம் ஓவியர் தரப்புக் கதை. ஐம்பது வருடம் கழித்து எழுதியது. சிரிப்புக்காக மெருகேற்றியிருப்பார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஏல விலையில் இந்தக் கதைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

1789 ஆகஸ்டு இறுதியில், பாஸ்தீல் சிறை வீழ்ந்த ஆறாவது வாரத்தில், சலோன் கண்காட்சியில் தூதர் படம் வைக்கப்பட்டது. அடுத்த ஆறு வாரத்தில் ஓவியர் பாரிசில் இல்லை. அக்டோபர் 5 நள்ளிரவில், வெர்சாயிலிருந்து அரசரையும் அரசியையும் கூட்டம் இழுத்துவரும் நேரத்தில், ஒன்பது வயது மகள் ஜூலியோடும் பணிப்பெண்ணோடும் பொது வண்டியில் ஏறி இத்தாலிக்குப் போனார். கணவர் பாரிசிலேயே தங்கினார். 1794இல் சொத்தைக் காப்பாற்ற மணவிலக்கும் வாங்கிக்கொண்டார். தூதர் படம் அவர் கையில் இருந்தது. அவர் இறந்த பிறகு அது விற்கப்பட்டது என்றும், இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது என்றும் ஓவியரே எழுதுகிறார். 72 லட்சம் டாலர் படம் எங்கே என்று வரைந்தவருக்கே தெரியவில்லை.

வெளிநாட்டில் கழிந்த பன்னிரண்டு வருடங்களிலும் ஓவியருடைய தொழில் வாழ்க்கையில் சரிவு இல்லை. இது ஆச்சரியமானது. ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, பீட்டர்ஸ்பர்க் என்று போன இடமெல்லாம் வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். மரி அந்துவானெத்தின் ஓவியர் என்ற பெயரே நுழைவுச் சீட்டாக இருந்தது. எல்லாரும் மயங்கிவிடவில்லை. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின், தன் பேத்திகளின் படத்தைப் பார்த்துவிட்டு வெயில் காயும் இரண்டு நாய்க்குட்டிகளைப் போல இருக்கிறார்கள் என்று ஒரு கடிதத்தில் எரிந்து விழுந்தார். 1799இல் 255 கலைஞர்களும் அறிஞர்களும் கையெழுத்திட்டுக் கேட்டுக்கொண்டதால், புரட்சி அரசு வைத்திருந்த நாடுவிட்டு ஓடியவர்கள் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. 1802இல் திரும்பி வந்தார். பிறகு லண்டன், சுவிட்சர்லாந்து. 1842இல் எண்பத்தாறு வயதில் பாரிசில் இறந்தார். லூவ்சியென் கிராமத்துக் கல்லறையில் "இங்கே, கடைசியாக, ஓய்வெடுக்கிறேன்" என்று பொறித்திருக்கிறது. வரைந்த படங்களுக்கு அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார்: 662 உருவப்படங்கள், 15 பெரிய படைப்புகள், சுமார் 200 நிலக்காட்சிகள்.

"அவ்வளவு பெரிய ஓவியரா" என்ற கேள்விக்குத் தாவீத் சொன்னதாக ஒரு பதில் உண்டு. 1791 சலோனில் இவர் நேப்பிள்சில் வரைந்து அனுப்பிய இசையமைப்பாளர் பைசியெல்லோவின் படத்தைத் தாவீதின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். நெடுநேரம் பார்த்த தாவீத், "என் படத்தைப் பெண் வரைந்ததாகவும் இதை ஆண் வரைந்ததாகவும் நினைப்பார்கள்" என்றாராம். பாராட்டும் அன்றைய அளவுகோலும் ஒரே வாக்கியத்தில்.

இனி விலைக்கு வருகிறேன்.

புதுச்செவ்வியல் காலத்து ஓவியர்களைச் சந்தை விலையை வைத்து ஒப்பிடுவதில் ஒரு பெரிய கோணல் இருக்கிறது. தாவீதின் மிகச் சிறந்தவை லூவ்ரிலும் பிரசெல்சிலும் அரசுச் சொத்தாக இருக்கின்றன. அவை ஒருநாளும் விற்பனைக்கு வராது. ஆகவே அவற்றுக்கு விலையே இல்லை. விஜே லெ ப்ரனின் தலைசிறந்தவையும் வெர்சாயிலும், பீட்டர்ஸ்பர்க்கின் எர்மிடாஜ் அருங்காட்சியகத்திலும், மெட்ரோபாலிடனிலும் பத்திரமாக இருக்கின்றன. ஏலத்துக்கு வருவது மிச்சம். ஆனால் இவர் பெரும்பாலும் குடும்பங்களுக்கு உருவப்படம் வரைந்தவர் என்பதால் அந்த மிச்சமும் பெரிது. தாத்தாவின் தாத்தாவுடைய அத்தையின் படம் என்று ஒரு கோட்டையின் மாடியிலிருந்து அவ்வப்போது இறங்கி வந்துகொண்டே இருக்கும். ஒரு ஓவியருக்குச் சந்தை உயிரோடு இருக்க வேண்டுமானால் சரக்கு கொஞ்சமாவது வந்துகொண்டிருக்க வேண்டும். இவருக்கு வருகிறது.

வருவதில் எதற்கு விலை? யார் கை என்பதற்குத்தான் முதலில். புகழ்பெற்ற ஒரு படத்துக்கு நாலைந்து பிரதிகள் இருப்பது அன்று சாதாரணம். வைக்கோல் தொப்பியோடு தன்னைத் தானே வரைந்த படம் 1782இல் வந்தது. லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பது மூலப்படம் கிடையாது, அவரே வரைந்து கையொப்பமிட்ட மறுபிரதி. அதற்கும் மதிப்பு மிக அதிகம், ஏனென்றால் கை அவருடையது. ஆனால் மஸ்லின் உடை அரசி படத்தின் ஒரு வடிவம் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதை அவர்கள் அவருடைய ஓவியத்தைப் பார்த்துப் பெயர் தெரியாத யாரோ வரைந்தது என்றுதான் பட்டியலிட்டிருக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அதே அரசி, அதே தொப்பி, அதே ரோஜா. ஏலத்துக்கு வந்தால் விலையில் ஒன்றிரண்டு சுழியங்கள் காணாமல் போயிருக்கும்.

ஏலப் பட்டியலில் ஓவியர் பெயருக்கு முன்னும் பின்னும் வரும் சின்னச் சொற்களை அதனால்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். பெயர் மட்டும் இருந்தால், அவருடையது என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. "அவருடையதாகக் கருதப்படுவது" என்றால் பொறுப்பைப் பாதி கழற்றிக்கொள்கிறது. "அவருடைய ஓவியக்கூடம்" என்றால் உதவியாளர்கள். "அவருடைய வட்டம்" என்றால் அக்கம்பக்கத்தில் இருந்த யாரோ. "அவர் பாணியில்" என்றால் நூறு வருடம் கழித்துக்கூட இருக்கலாம். "அவருக்குப் பின்" என்று போட்டால் நகல், அவ்வளவுதான். இவருடைய விஷயத்தில் பல பத்தாண்டுகளாக ஜோசஃப் பையோ என்ற ஆய்வாளரின் கருத்துக்குத்தான் சந்தை காது கொடுத்தது. 1982இல் அமெரிக்காவில் ஃபோர்ட் வொர்த் நகரில் இவர் படைப்புகளின் முதல் பெரிய கண்காட்சியை அமைத்தவர் அவர். ஒரு வல்லுநர் தலையசைக்கிறாரா இல்லையா என்பதில் கோடிக்கணக்கில் ஏறி இறங்கும் வியாபாரம் இது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் நடைமுறை இதுதான்.

அடுத்தது காகிதம். தூதர் படத்துக்கு இது அமோகமாக இருந்தது: அன்றைய சலோன் பட்டியலில் பதிவு, ஓவியரின் சொந்த எழுத்தில் பக்கக்கணக்கில் விவரம், கணவரின் சொத்தாக இருந்து விற்கப்பட்டது என்ற தகவல். பொய்ப் படம் என்று யாரும் வாயெடுக்க முடியாது. அதன்பின் படத்தில் இருப்பவர் யார் என்பது. பிரெஞ்சுச் சீமாட்டிகளின் மார்பளவுப் படங்கள் இவருடையவை நிறைய இருக்கின்றன. முழு உருவத்தில், ஆளுயரத்துக்கு மேல், மைசூர்த் தூதர் வேறெங்கும் கிடைக்கமாட்டார். ஐரோப்பிய ஓவியம் வாங்குபவருக்கும் இந்திய வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்கும் ஒரே படத்தின்மீது கண். இரண்டு கூட்டம் மோதும்போது விலை ஏறும்.

படத்தின் உடல்நிலையை விற்பவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள். இவர் முகத்தின் தோலை மெல்லிய, ஒளி ஊடுருவும் வண்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக் கொண்டுவருபவர். கன்னத்தில் ரத்தம் ஓடுவதுபோல் தெரிவது அதனால்தான். பழைய வார்னிஷை நீக்குகிறேன் என்று யாராவது அதிகமாகத் துடைத்துவிட்டால் முதலில் போவது அந்த மேல்பூச்சு. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். கையொப்பம் உண்மையாக இருக்கும், படமும் உண்மையாக இருக்கும், கன்னம் செத்திருக்கும், விலையும் அதற்கேற்பத்தான்.

எங்கே விற்கிறோம் என்பதும் கணக்கில் வரும். முக்கியமான ஓவியம் பிரான்சில் இருந்தால், தேசியச் செல்வம் என்று சொல்லி ஏற்றுமதிச் சான்றிதழை அரசு மறுக்கலாம். முப்பது மாத அவகாசத்தில் அரசே வாங்க முன்வரலாம். உலகமே போட்டியிடும் சந்தை அந்தச் சமயத்தில் ஒரு நாட்டுக்குள் சுருங்கிவிடும். நியூயார்க்கில் அந்தத் தலைவலி இல்லை.

கடைசியாக, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது. 2015, 2016இல் பாரிஸ், நியூயார்க், ஒட்டாவா என்று மூன்று நகரங்களில் இவருடைய பெரும் கண்காட்சி நடந்தது. பிரான்சில் இவருக்கு அப்படியொரு முழுக் கண்காட்சி அதுவே முதல் முறை, இறந்து 170 வருடத்துக்கும் பிறகு. அதோடு, தங்கள் சுவர்களில் பெண் ஓவியர்கள் எவ்வளவு குறைவு என்று அருங்காட்சியகங்கள் வெட்கப்படத் தொடங்கிய காலம் அது. 2019 ஏலத்தில் பெண் ஓவியர்களின் படைப்புகளைத் தனித் தொகுப்பாகவே வைத்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பாரிசில் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்தமீசியா ஜென்திலெஸ்கியின் "லுக்ரேசியா" 48 லட்சம் யூரோவுக்குப் போனது. காற்று உண்மையானதுதான். ஆனால் அளவைப் பாருங்கள்: இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்த ஒரு ஊமத்தம்பூ 2014இல் 4.44 கோடி டாலருக்கு விற்றது. தர்வேஷ் கானைப்போல ஆறு பேரை வாங்கலாம். பழைய ஓவியங்கள் இன்றைய சந்தையில் மலிவு என்பதே என் எண்ணம். நீங்கள் கேட்ட ஐம்பது கோடி எனக்கு அதிகமாகத் தெரியவில்லை, குறைவாகத்தான் தெரிகிறது.

இப்போது உங்கள் கூடம். நல்ல பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து அரசியின் கன்னத்தைப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அச்சுப்படம். புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல்போல் சிதறி, மேலே துணியின் நெசவுபோல மேடுபள்ளம் அழுத்தப்பட்டு, பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தால் அது ஓலியோகிராஃப். ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீடுகளுக்குள் வந்த அதே அச்சு முறை. பழையதாக இருந்தால் அழகுக்கும் ஞாபகத்துக்கும் ஆன மதிப்பு உண்டு. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். பத்தில் ஒன்பது வீடுகளில் கதை இத்துடன் முடியும்.

தூரிகைத் தடமும் வண்ணத்தின் வெடிப்பும் தெரிந்தால், கையால் வரைந்த நகல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ரோஜா அரசியை நகலெடுக்காத ஓவிய மாணவர் குறைவு. அப்படியானால் சட்டத்தைக் கழற்றாமல் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மரச்சட்டம், ஆணிகள், கித்தானின் நிறம், ஒட்டியிருக்கும் சீட்டுகள், முத்திரைகள், பென்சில் எண்கள் எல்லாம் விழ வேண்டும். எந்தச் சீட்டையும் உரிக்காதீர்கள். எலுமிச்சை, உருளைக்கிழங்கு, ஈரத்துணி என்று வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அந்தப் புகைப்படங்களை ஒரு பெரிய ஏல நிறுவனத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் கட்டணமில்லாமலே பார்த்துச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம், யார் வரைந்ததாக இருந்தாலும், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இந்தியாவிலிருந்து தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே நியூயார்க் ஏலத்துக்கு அனுப்பும் யோசனை இருந்தால், படம் அசலாகவே இருந்தாலும், அது உங்கள் கூடத்திலேயேதான் தொங்கும்.